41 நாவல்கள், எந்த வாசலில் நுழைவது? டெரி பிராட்செட்டைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இங்கிலாந்து எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை மிகைபுனைவு (ஃபேண்டஸி) வரிசையில் 41 நாவல்கள் இருக்கின்றன. யாரோ ஒரு நண்பர் பேச்சுவாக்கில் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். நீங்களும் ஆவலாகத் தேடுகிறீர்கள். பட்டியல் இறங்கிக்கொண்டே போகிறது. அதைப் பார்த்ததுமே சிலர் பின்வாங்கிவிடுவார்கள். இன்னும் சிலர் நல்ல பிள்ளைகளாக முதல் புத்தகத்திலிருந்து தொடங்கி, மூன்றாம் நாள் மூடி வைத்துவிடுவார்கள். நான் இரண்டாவது ரகம். அறுபது பக்கம் தாண்டவில்லை. "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். பல வருடங்கள் கழித்து வேறொரு வாசல் வழியாகத் தற்செயலாக உள்ளே போனபோதுதான், அந்த வருடங்களை வீணாக்கியது புரிந்தது. அந்தப் பிழையை நீங்களும் செய்யாமலிருக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: எண் வரிசையை மறந்துவிடுங்கள்

வரிசையின் முதல் நாவல் 'தி கலர் ஆஃப் மேஜிக்' 1983இல் வந்தது. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த வாள், மந்திரவாதி, வீராதிவீரன் வகைக் கதைகளைக் கிண்டல் செய்யும் புத்தகம் அது. கிண்டலை ரசிக்க வேண்டுமானால், கிண்டலுக்கு ஆளாகும் சரக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மிகைபுனைவில் ஊறியவர்களுக்கு அது விருந்து. புதிதாக வருகிறவர்களுக்கோ, முன்பின் தெரியாத குடும்பத்தின் கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்ட கதைதான். எல்லோரும் சிரிக்கிறார்கள், யாரைப் பற்றி என்றுதான் தெரியவில்லை.

எழுதியவரும் அப்போது தன் உலகத்தை முழுதாகக் கண்டுபிடித்திருக்கவில்லை. விண்வெளியில் ஒரு பெரிய ஆமை நீந்துகிறது. அதன் முதுகில் நான்கு யானைகள். யானைகளின் மேல் தட்டையான வட்ட உலகம். இந்தப் படம் முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. கூர்மாவதாரத்தையும் திசை யானைகளையும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஏதும் இல்லை. ஆனால் அந்தத் தட்டின் மேல் வாழ்கிறவர்கள் ரத்தமும் சதையுமாக மாற அவருக்கு இன்னும் மூன்று நான்கு புத்தகங்கள் தேவைப்பட்டன. எட்டாவது புத்தகத்தில் தொடங்குகிறோமே என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். பெரும்பாலான நாவல்கள் தனித்தனியே நிற்பவை.

வரைபடத்தையும் தேடாதீர்கள். மிகைபுனைவு நாவல் என்றால் முன்பக்கத்தில் மலையும் ஆறும் வரைந்த படம் இருக்கும் என்று பழகியிருப்போம். நகைச்சுவை உணர்வுக்கு வரைபடம் போட முடியாது என்று சொல்லி, பிராட்செட் தொடக்கத்தில் அதைத் தவிர்த்தார். பிறகு 1993இல் அந்த உலகத்தின் முக்கிய நகரமான ஆங்க்-மோர்போர்க்கின் தெருக்களுக்கு வரைபடம் வந்தேவிட்டது. அதற்குள் நகரம் அந்த அளவுக்கு நிஜமாகியிருந்தது.

இரண்டாம் படி: ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

பொதுவாக எழுத்தாளரின் வாழ்க்கை தெரியாமலே கதை படிப்பது நல்லது என்று நினைப்பவன் நான். பிராட்செட் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு. அவருடைய வேலைச் சரித்திரம் தெரிந்தால் நாவல்களின் பாதிச் சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

1948இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பள்ளிப் பத்திரிகையில் கதை எழுதினார். அது அடுத்த சில ஆண்டுகளில் ஒரு வணிகப் பத்திரிகையிலும் வெளியானது. 1965இல் பள்ளியை விட்டு 'பக்ஸ் ஃப்ரீ பிரஸ்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தார். சேர்ந்த அன்றே, சில மணி நேரத்துக்குள், செய்திக்காகப் போன இடத்தில் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பிணத்தைப் பார்த்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். உள்ளூர் நிருபர் என்றால் மரண விசாரணை, நகர மன்றக் கூட்டம், பூச்செடிக் கண்காட்சி எல்லாவற்றுக்கும் போயாக வேண்டும். ஓர் ஊர் எப்படி இயங்குகிறது, யார் யாரிடம் என்ன மறைக்கிறார்கள், குப்பை எங்கே போகிறது, அதில் காசு யாருக்குப் போகிறது என்பதெல்லாம் அந்த வேலையில் தெரிந்துவிடும். பிற்பாடு அவர் கட்டிய கற்பனை நகரத்தில் திருடர்களுக்குச் சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு இவ்வளவு திருட்டு என்று கணக்கு இருக்கிறது. திருடிவிட்டு ரசீதும் கொடுக்கிறார்கள். மந்திரம் தெரிந்தவனைவிட மாநகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும்.

1968இல் சிறிய பதிப்பகம் ஒன்றின் இயக்குநரைப் பேட்டி காணப் போனவர், தன்னிடம் ஒரு நாவல் இருப்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அப்படி வந்ததுதான் முதல் நாவல், 1971இல். கம்பளத்தின் இழைகளுக்கு நடுவே வாழும் குட்டி மனிதர்களின் கதை. அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. 1980இல் இங்கிலாந்தின் மின்வாரியத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியானார். அணுமின் நிலையங்கள் அவர் பொறுப்பு. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைகள் துருவித் துருவிக் கேட்ட காலம். அந்த அனுபவங்களைப் புத்தகமாக எழுதலாம், ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பார்.

இரவில் வீட்டுக்கு வந்து நாளுக்கு 400 சொற்கள் எழுதினார். ஒரு நாள் 300 சொற்களில் ஒரு நாவல் முடிந்துவிட்டதாம். புதிய தாளைச் செருகி, அடுத்த நாவலின் முதல் 100 சொற்களை எழுதிவிட்டுத்தான் எழுந்தாராம். மிகைபுனைவு எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள் மாய உலகத்தின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வரும். முழுநேர எழுத்தாளராக அவர் மாறியது 1987இல்தான்.

முதல் டிஸ்க்வேர்ல்ட் நாவல் கெட்டி அட்டையில் வந்தபோது சில நூறு பிரதிகளே அச்சாகின. அதைப் பரவலாக்கியதில் பிபிசி வானொலியின் 'வுமன்ஸ் அவர்' நிகழ்ச்சிக்குப் பங்கு உண்டு. அங்கே நாவலைத் தொடராக வாசித்தார்கள். மிகைபுனைவுக் கடை அலமாரியின் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே அதைக் கேட்டார்கள். வெளியீட்டாளர்கள் குறிவைக்கும் 'வாசகர் வட்டம்' எவ்வளவு சிறிய வட்டம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1990களில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற எழுத்தாளர் அவர். 2015இல் இறந்தபோது 8.5 கோடிப் பிரதிகளுக்கு மேல், 37 மொழிகளில்.

மூன்றாம் படி: உங்கள் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் முக்கியமான படி. டிஸ்க்வேர்ல்டில் பல கிளைக் கதைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மனிதர்கள், தனி மணம். உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவரும் கிளையைப் பிடித்தால் போதும்.

பெரும்பாலோருக்கு நான் நீட்டுவது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989). மதிப்பிழந்துபோன இரவுக் காவல் படை. அதன் கேப்டன் சாம் வைம்ஸ் சாக்கடையில் விழுந்து கிடக்கும் குடிகாரர். படையில் புதிதாகச் சேருகிறான் கேரட் என்ற ஆறடிக்கு மேல் வளர்ந்த இளைஞன். குள்ளர் இனத்தார் எடுத்து வளர்த்த பிள்ளை. சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வந்த வேகத்தில் திருடர் சங்கத் தலைவரைத் திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்கிறான். ஊரே திகைக்கிறது. இதற்கிடையில் ஒரு ரகசியக் கூட்டம் டிராகனை வரவழைக்கிறது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். டிராகனின் உடம்பில் பலவீனமான இடத்தைப் பார்த்து அம்பு எய்ய வேண்டும். 'பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு' என்று யாராவது சொன்னால் கதைகளில் அது கட்டாயம் பலிக்கும் அல்லவா? காவலர்களுக்கும் இது தெரியும். ஆனால் சார்ஜன்ட் கோலன் அந்தக் காலத்தில் நல்ல வில்லாளி. வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு மோசமாக இல்லையே, ஆயிரத்தில் ஒன்று என்றால் பலிக்காதே என்று கவலைப்படுகிறார்கள். ஆகவே கணக்கைச் சரிசெய்ய அவர் முகத்தில் கரி பூசுகிறார்கள், ஒற்றைக் காலில் நிற்க வைக்கிறார்கள், நாக்கை வெளியே நீட்டச் சொல்கிறார்கள். பிறகு என்ன ஆனது என்று சொல்ல மாட்டேன். வீரகதைகளின் அடித்தளத்தையே பிடித்து உலுக்கும் பக்கங்கள் அவை. வீரகதை ஒன்றைக்கூடப் படித்திராதவருக்கும் சிரிப்பு வரும் என்பதுதான் முதல் புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள தூரம்.

அதே நாவலில் சீமாட்டி சிபில் ராம்கின் சதுப்புநில டிராகன்களை வளர்க்கிறார். உயர்குடிப் பெண்கள் ஜாதி நாய் வளர்ப்பதுபோலத்தான், வம்சாவளி பார்த்து. அந்தப் பிராணிகளுக்கு எப்போதும் வயிற்றுக் கோளாறு, கோளாறு முற்றினால் வெடித்துவிடும். டிராகன் இருந்தால் அதற்குத் தீனி வேண்டும், வைத்தியம் வேண்டும், சாணி அள்ள ஆள் வேண்டும் என்று யோசிக்கிற மூளை அது. மிகைபுனைவு பிடிக்காது என்பவர்களுக்கு உண்மையில் பிடிக்காமல் போவது ஆகாயத்தில் தொங்கும் கதைதான் என்பது என் எண்ணம். சம்பளமும் வாடகையும் தெரியும் கதையில் டிராகன் வந்தால் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த வாசல் 'மோர்ட்' (1987). வேலைக்கு ஆள் எடுக்கும் சந்தையில் யாரும் சீண்டாத ஒல்லிப் பையனை, நள்ளிரவு மணி அடிக்கும் நேரத்தில் மரணம் வந்து தொழில் பழகும் சீடனாகச் சேர்த்துக்கொள்கிறது. நம் எமதர்மனுக்கு எருமை என்றால் இவருக்கு பிங்கி என்ற வெள்ளைக் குதிரை. பூனைகள் என்றால் உயிர். இவர் பேசுவதெல்லாம் மேற்கோள்குறி இல்லாமல் பெரிய ஆங்கில எழுத்துகளில் அச்சாகியிருக்கும். அந்தக் குரல் காதால் கேட்பதில்லை, நேரே மண்டைக்குள் இறங்குகிறது என்பது அதன் பொருள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத நம் மொழியில் இதை எப்படிக் கொண்டுவருவது என்று நான் பல இரவுகள் யோசித்ததுண்டு. கல்வெட்டு நடையில் பேச வைக்கலாமோ?

பக்தி, நிறுவனம், அதிகாரம் ஆகியவற்றைப் பற்றி யோசிப்பவர்கள் நேரே 'ஸ்மால் காட்ஸ்' (1992) நாவலுக்குப் போகலாம். முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். அந்த உலகத்தில் தெய்வத்தின் பலம் நம்புகிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓம் என்ற பெருந்தெய்வம் பூமிக்கு வந்து பார்த்தால், தான் ஒரு சின்ன ஆமையாக இருப்பது தெரிகிறது. கோயில்களும் விசாரணைக் கூடங்களும் கோலோச்சுகின்றன. லட்சக்கணக்கானவர்கள் மண்டியிடுகிறார்கள். மெய்யாக நம்புகிற ஆள் புரூதா என்ற ஒரே ஒரு பயிற்சித் துறவிதான். அந்த மதம் உலகம் உருண்டை என்று போதிக்கிறது. தட்டை என்று சொன்னவர்களைச் சித்திரவதை செய்கிறது. அங்கே உலகம் உண்மையிலேயே தட்டை. வரலாற்றை இப்படிக் கண்ணாடியில் திருப்பிக் காட்டுவதற்கு மிகைபுனைவை விட்டால் வேறு வடிவம் இல்லை. 41இல் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கட்டாயப்படுத்தினால் நான் இதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன்.

நாடகம் பிடித்தவர்களுக்கு 'விர்ட் சிஸ்டர்ஸ்'. ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை மூன்று சூனியக்காரிகளின் பக்கமிருந்து பார்க்கும் கதை. கிராமத்து மருத்துவச்சியின் அதிகாரத்தைக் கண்டவர்கள் கிரானி வெதர்வாக்ஸை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு 'கோயிங் போஸ்டல்' (2004). தூக்குமேடை வரை போன மோசடிக்காரன் ஒருவனிடம் பாழடைந்த தபால் நிலையத்தை ஒப்படைக்கிறார்கள். பட்டுவாடா ஆகாத கடிதங்கள் கூரை வரை குவிந்து கிடக்கின்றன. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு 'தி வீ ஃப்ரீ மென்' (2003). ஒன்பது வயது டிஃபனி, ஆயுதம் வாணலி. சின்னவர்களுக்கான புத்தகம் என்று விற்கிறார்கள். எனக்கு அதில் பாட்டியின் மரணத்தைச் சொல்லும் பக்கங்களைத் தாண்ட முடியவில்லை.

நான்காம் படி: படிக்கும் விதம்

பெரும்பாலான புத்தகங்களில் அத்தியாயப் பிரிவு கிடையாது. "இந்த அத்தியாயத்தோடு தூங்கிவிடலாம்" என்ற கணக்கு பலிக்காது, மறுநாள் வேலை இருந்தால் எச்சரிக்கை. அடிக்குறிப்புகளைத் தாண்டாதீர்கள். ஆய்வு நூல்களில் தாண்டலாம், இவரிடம் பாதி வேடிக்கை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆங்கிலச் சொல்விளையாட்டுகள் பல நமக்குப் பிடிபடாமல் போகும். பிரிட்டிஷ் வாசகர்களுக்கே எல்லாம் பிடிபடுவதில்லை. ஒவ்வொன்றையும் அகராதியில் தேட ஆரம்பித்தால் கதை செத்துவிடும். புரியாததை விட்டுவிட்டுப் போங்கள், இரண்டாம் முறை படிக்கும்போது தானாக அவிழும். ஆங்கிலம் ஓடவில்லை என்றால் காதால் கேட்கலாம். பெங்குவின் நிறுவனம் 2022 முதல் வெளியிட்ட ஒலிப்புத்தகங்களில் அடிக்குறிப்புகளை நடிகர் பில் நை தனியாக வாசிக்கிறார், மரணத்துக்கு பீட்டர் செராஃபினோவிச்சின் குரல். கண்ணுக்குத் தவறிய கிண்டல் அந்தக் குரல்களின் ஏற்ற இறக்கத்தில் பிடிபடும்.

மந்திரவாதிகளின் பல்கலைக்கழக நூலகர் ஓர் ஒராங்குட்டான். மந்திர விபத்தில் அப்படி ஆனவர். மேல் தட்டுப் புத்தகங்களுக்குக் கை எட்டுகிறது என்று திரும்ப மனிதனாக மறுத்துவிட்டார். அவரைக் குரங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று படித்தால் தெரியும்.

ஐந்தாம் படி: ஒட்டிக்கொண்ட பிறகு

ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் அந்தக் கிளையை மட்டும் வெளியான வரிசையில் தொடருங்கள். குறிப்பாகக் காவல் படைக் கதைகளில் ஆட்கள் வயதாகிறார்கள், பதவி உயர்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' முடித்தவர்கள் 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) எடுக்க வேண்டும். சாம் வைம்ஸின் பூட்ஸ் கணக்கு வருவது அதில்தான். நல்ல பூட்ஸ் 50 டாலர், பத்து வருடம் உழைக்கும். மலிவான பூட்ஸ் 10 டாலர், ஓரிரு பருவத்தில் ஓட்டையாகிவிடும். 50 டாலர் மொத்தமாகக் கையில் இல்லாத ஏழை, அதே பத்து வருடத்தில் 100 டாலர் செலவழித்திருப்பான், கால் மட்டும் ஈரமாகவே இருக்கும். 2022இல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் மலிவுப் பொருட்களின் விலையேற்றத்தைக் கணக்கிட ஜாக் மன்றோ என்பவர் ஒரு குறியீட்டெண் தொடங்கியபோது, அதற்கு வைம்ஸின் பூட்ஸ் பெயரையே வைத்தார். பிராட்செட்டின் குடும்பத் தரப்பும் சம்மதித்தது. டிராகன் கதையில் வரும் காவலரின் செருப்புக் கணக்கு விலைவாசி விவாதத்தில் ஏறிவிட்டது. மிகைபுனைவு யதார்த்தத்திலிருந்து தப்பி ஓடுவது என்று சொல்லும் நண்பர்களிடம் நான் இதை எடுத்துப் போடுவது வழக்கம். 'நைட் வாட்ச்' (2002) இந்தக் கிளையின் உச்சம். தயவுசெய்து அதற்குத் தாவிவிடாதீர்கள். வைம்ஸோடு சில புத்தகங்கள் நடந்துவிட்டு வந்தால்தான் அது இறங்கும்.

கடைசிப் புத்தகங்களைக் கடைசியிலேயே படியுங்கள். 2007 டிசம்பரில் அவருக்கு அல்சைமரின் அரிய வகை ஒன்று இருப்பது தெரியவந்தது. பார்வையைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதியை அது தாக்கியதால் தட்டச்சு செய்ய முடியாமல் போயிற்று. உதவியாளரிடமும் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடமும் சொல்லிச் சொல்லியே பின்னாளைய நாவல்களை முடித்தார். அவற்றில் வாக்கியங்கள் நீளும், பாத்திரங்கள் சொற்பொழிவாற்றும். பழகிய வாசகருக்கு அதுவும் பிரியமான குரல்தான். புதியவருக்குச் சலிப்புத் தட்டும். அந்த நிலையிலும் 2009இல் சர் பட்டம் கிடைத்ததும், வீரனுக்கு வாள் வேண்டாமா என்று வீட்டருகே இரும்புத் தாதுவைத் தோண்டி எடுத்து, உருக்கி, விண்கல் துண்டுகளையும் அதில் போட்டு, சொந்தமாக வாள் செய்துகொண்டார்.

முடிக்காத நாவல்கள் எதுவும் வெளிவராது. அவர் விருப்பப்படி, 2017 ஆகஸ்டில் டோர்செட் நீராவி இயந்திரக் கண்காட்சியில் அவருடைய ஹார்டு டிஸ்க்கின் மேல் நீராவி ரோலரை ஏற்றினார்கள். அப்படியும் முழுதாக நொறுங்கவில்லை என்று கல் உடைக்கும் இயந்திரத்திலும் போட்டார்கள். ஆகவே 41தான் கணக்கு.

கடைசி நாவல் 'தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்' அவர் இறந்த பிறகு, 2015இல் வந்தது. என் அலமாரியில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.